'திரும்புவம்' எண்டு ஆர் சொல்லுறது?

எங்களில் அனேகமானோர் பனியைக் கையால் தொட்டதில்லை. சுவிஸிலும் நோர்வேயிலும் கனடாவிலும் இருக்கிற மச்சான்மாரும் மச்சாள்மாரும் வாட்ஸப்பில் அனுப்புகிற படங்களில் பார்த்திருக்கிறோம். சுவிஸில் பல பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை ஒரு கிழமை பனிச்சறுக்கு முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போகிற வழக்கம் வைத்திருக்கின்றன. ஹெல்மெட்டும் பெரிய கண்ணாடியும் போட்டு நிற்கிற பேரனை அடையாளம் பிடிக்க அம்மம்மாமாருக்கு ரெண்டு நிமிசம் எடுக்கும். எங்களுக்கும் பனிச்சறுக்குக்கும் உள்ள சம்பந்தம் அவ்வளவுதான்.

பிறகேன் பனிச்சறுக்கைப் பற்றி எழுதுகிறோம் என்று கேட்பீர்கள். காரணம் ஒரு கட்டுரை. ஊடகக் கற்கை படிக்கிறவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும்: 'ஸ்னோ ஃபோல்'. நியூயோர்க் டைம்ஸில் ஜோன் பிராஞ்ச் எழுதி 2012 டிசம்பரில் வந்தது. 2013இல் புலிட்சர் பரிசு பெற்றது. இணையத்தில் கதை சொல்வது எப்படி என்று படிப்பிக்கும்போது உலகம் முழுக்க இதைத்தான் உதாரணமாகக் காட்டுகிறார்கள். பக்கத்தை உருட்ட உருட்டப் பனி பறக்கும், மலை சுழலும், வரைபடம் அசையும். எல்லோரும் அந்த வித்தையைப் பற்றிப் பேசுகிறார்கள், ஒப்படை எழுதுகிறார்கள். கட்டுரை என்ன சொல்லுது எண்டதைப் பற்றிப் பேசுறவர்கள் குறைவு.

எங்களுக்கு அது பனியைப் பற்றிய கட்டுரையாகவே படவில்லை. பதினாறு பேர் ஒன்றாக நிற்கிற இடத்தில் மனதில் இருக்கிறதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாமல் விடுவதைப் பற்றிய கட்டுரை அது. அந்த இடம் எங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச இடம்.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம்.

அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் கஸ்கேட் மலைத்தொடர் இருக்கிறது. அதிலே ஸ்டீவன்ஸ் பாஸ் என்றொரு பனிச்சறுக்கு இடம். பனி பார்க்க அழகாக இருந்தாலும் அந்தப் பகுதிக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1910 மார்ச் 1ஆம் திகதி, பக்கத்தில் இருந்த வெலிங்டன் ரயில் நிலையத்தில் புயலால் மறிபட்டு நின்ற ரயில்களைப் பனிச்சரிவு அடித்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் போட்டது. 96 பேர் இறந்தார்கள். அமெரிக்க வரலாற்றில் ஆகக் கூடுதல் உயிர்களை எடுத்த பனிச்சரிவு இன்றுவரை அதுதான்.

பனிச்சறுக்கு இடங்களில் வேலி போட்ட பகுதி ஒன்று இருக்கும். அங்கே ரோந்துப் பணியாளர்கள் ஒவ்வொரு காலையும் சரிவுகளைச் சோதிப்பார்கள், தேவைப்பட்டால் வெடி வைத்து ஆபத்தான பனியை முன்கூட்டியே இறக்கிவிடுவார்கள். வேலிக்கு வெளியே போனால் அது உங்கள் பொறுப்பு. ஸ்டீவன்ஸ் பாஸில் கவ்போய் மலையின் பின்பக்கம் அப்படி ஒரு வெளிச்சரிவு. பெயர் டனல் கிறீக். ஆயிரம் மீற்றர் அளவுக்கு நேரே கீழே இறங்குகிற காட்டுச் சரிவு.

2012 பெப்ரவரி 19, ஞாயிற்றுக்கிழமை. நீண்ட வார இறுதி. முந்தைய நாட்களில் புயல் வந்து புதுப்பனியைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. புதுப்பனியால் பனிச்சரிவு ஆபத்து கூடியிருக்கிறது என்று அந்தப் பிராந்தியத்தின் முன்னறிவிப்பு நிலையம் எச்சரித்திருந்தது. அன்று பகல் பதினாறு பேர் மேலே ஏறி டனல் கிறீக் பக்கம் இறங்கப் போனார்கள். சிலருக்கு அந்த மலை வீட்டு முற்றம் மாதிரி. சிலர் வெளியூரிலிருந்து வந்தவர்கள், அந்தச் சரிவை முன்பின் பார்க்காதவர்கள்.

நண்பகல் அளவில் பனி உடைந்தது. கீழே மரங்களுக்குப் பக்கத்தில் பாதுகாப்பென்று ஒதுங்கி நின்றவர்களையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனது. மூன்று பேர் இறந்தார்கள். மூவரும் உள்ளூர் மலையை நன்கு அறிந்தவர்கள். ஒருவர் அந்தப் பனிச்சறுக்கு நிலையத்தின் சந்தைப்படுத்தல் பொறுப்பாளர். இன்னொருவர் சர்வதேசப் பனிச்சறுக்குப் போட்டிகளுக்குத் தலைமை நடுவர். அடிபட்டுப் போய் உயிர் தப்பிய பெண் தொழில்முறைப் பனிச்சறுக்கு வீராங்கனை. முதுகுப்பையில் இருந்த காற்றுப்பையை இழுத்து விரித்ததால் அவர் பனியின் மேற்பரப்போடு வந்து சேர்ந்தார்.

இவர்களை 'ஒண்டும் தெரியாமல் போய் மாட்டுப்பட்டவர்கள்' என்று ஒதுக்கிவிட முடியாது. பனியில் புதைந்தவரைத் தேடுகிற சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்திப் பார்க்கிற நீளக் கம்பி, தோண்டுகிற சவள் எல்லாம் கொண்டு போனவர்கள். முன்னறிவிப்பு அவர்களுக்குத் தெரியும். பயிற்சி இருந்தது. அறிவு குறைவாக இருந்தது என்று ஒருவரும் சொல்ல ஏலாது.

பனிச்சரிவு எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொண்டால்தான் மீதி விளங்கும். மலையில் பனி ஒரே கட்டியாகக் கிடப்பதில்லை. ஒவ்வொரு புயலும் ஒவ்வொரு படை போடும். இடையில் வானம் தெளிந்த குளிர் இரவுகள் வந்தால், புல்லில் பனித்துளி படிகிற மாதிரி, மேற்பரப்பில் இறகு போன்ற பனிப்பளிங்குகள் படியும். வெயிலில் மினுங்கும், பார்க்க வடிவாக இருக்கும். அடுத்த புயல் வந்து அதை மூடிவிடும். ஒரு சாய்ந்த மேசையில் சீனியைத் தூவி அதுக்கு மேலே ஒரு கனத்த பலகையை வைத்தது மாதிரி. பலகை வழுக்காமல் நிற்கும், இன்னும் கொஞ்சப் பாரம் விழும் வரைக்கும். ஒரு ஆளின் பாரம் போதும். முப்பது முதல் நாற்பத்தைந்து பாகை வரை சாய்ந்த சரிவுகள்தான் இதற்கு வாய்ப்பானவை. பனிச்சறுக்குக்காரர்களுக்கு ஆகப் பிடித்த சரிவுகளும் அவைதான்.

இரண்டு விடயங்களைச் சேர்த்துச் சொல்ல வேணும். ஒன்று, பனிச்சரிவில் அகப்படுகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் விடயத்தில், சரிவைத் தொடங்கி வைத்தது அவர்களோ அவர்களோடு வந்த ஒருவரோதான். மலை சும்மா இருக்க விழுவது குறைவு. இரண்டு, புதைந்தவரை முதல் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்புண்டு. அதற்குப் பிறகு வாய்ப்பு செங்குத்தாகக் குறைகிறது. ஓடி வந்து நின்ற பனி கொங்கிறீற் மாதிரி இறுகிவிடும், விரலைக்கூட அசைக்க ஏலாது. ஆகவே வெளியிலிருந்து உதவி வரும் என்று நினைப்பதில் பிரயோசனமில்லை. காப்பாற்றுவதும் ஆபத்தில் போடுவதும் கூட வந்த ஆட்கள்தான்.

அதனால்தான் அந்தப் பதினாறு பேரின் மனதில் அந்த நேரம் என்ன ஓடியது என்பது முக்கியமாகிறது. பிராஞ்ச் பிறகு தப்பியவர்களோடு விலாவாரியாகப் பேசியிருக்கிறார். பலருக்கு மேலே நிற்கும்போதே ஒரு சங்கடம் இருந்திருக்கிறது. இவ்வளவு பெரிய கூட்டமாக இறங்குவது சரியில்லை என்று பட்டிருக்கிறது. புதுப்பனியைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். ஆனால் சுற்றிப் பார்த்தால் எல்லாரும் கெட்டிக்காரர், எல்லார் முகத்திலும் சிரிப்பு. இத்தனை அனுபவசாலிகள் சேர்ந்து பிழையான முடிவொன்று எடுப்பார்களா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். நான் போய் என்னத்தைச் சொல்லுறது எண்டு பேசாமல் நின்றிருக்கிறார்கள்.

பழக்கமில்லாத மலையில், காலநிலை சரியில்லாத நாளில், நாங்கள் மலையைப் பார்ப்பதில்லை. முன்னால போறவரின் முகத்தைப் பார்க்கிறோம். அவர் யோசிக்காமல் நிற்கிறார் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் முன்னால போறவர் யாரைப் பார்க்கிறார்? அவர் திரும்பி எங்களைப் பார்க்கிறார். பின்னால் பதினைந்து முகங்கள், ஒன்றிலும் கேள்வி இல்லை. சரி, எல்லாருக்கும் ஓகே போல எண்டு அவரும் இறங்குகிறார். ரெண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தைரியம் எடுத்துக்கொண்டதுதான் மிச்சம். மலையை ஒருவரும் பார்க்கவில்லை.

பேசாமல் இருப்பதை நாங்கள் 'ஒண்டும் செய்யாமல் இருக்கிறது' என்று நினைக்கிறோம். அது பிழை. கூட்டத்துக்குள்ளே மௌனம் என்பது 'ஓம்' என்று வாசிக்கப்படுகிற ஒரு பதில். அது அனுபவசாலியையும் ஏமாற்றுகிற பதில். எங்கள் கட்டுரையின் கட்சி இதுதான்.

அமெரிக்காவில் இயன் மக்கமன் என்ற ஆய்வாளர் 1972 முதல் 2003 வரையான 715 பனிச்சரிவு விபத்துகளை எடுத்துப் பார்த்தார். ஆபத்துக்கான அடையாளங்கள் கண்முன்னே இருந்தும் பயிற்சி பெற்றவர்கள் ஏன் போகிறார்கள் என்பதே அவருடைய கேள்வி. அவர் கண்ட பொறிகள் ஆறு. அவற்றை எங்கட பாஷையில் போட்டுப் பார்த்தால் ஒவ்வொன்றும் எங்கேயோ கேட்ட குரல்தான்.

பழகின இடம்: 'இதில நான் நூறுதரம் போயிருக்கிறன்.' மற்றவர் மதிக்க வேண்டும் என்கிற ஆசை: 'அவள் பாத்துக்கொண்டு நிக்கிறாள் மச்சான்.' தொடங்கியதை விட மனமில்லாமை: 'இவ்வளவு தூரம் வந்திட்டம்.' நிபுணர் ஒளிவட்டம்: 'அண்ணாவுக்குத் தெரியும்.' கிடைக்காத வாய்ப்பு: 'நாளைக்கு எண்டால் எல்லாரும் தடம் போட்டிடுவாங்கள்.' கூட்டத்தின் தைரியம்: 'அங்க பார், அவங்களும் போறாங்கள்தானே.'

இதில் எங்களை நிறுத்தி வைத்த முடிவொன்று உண்டு. நல்ல பயிற்சி பெற்ற குழுக்கள், தங்களுக்குப் பழகிய இடத்தில், பயிற்சியே இல்லாதவர்கள் அளவுக்கு ஆபத்துக்குள் போயிருக்கிறார்கள். படித்த படிப்பைப் பழக்கம் தின்றுவிடுகிறது. டனல் கிறீக்கில் இந்தப் பொறிகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன. உள்ளூர்க்காரருக்கு இடம் பழக்கம். வெளியூர்க்காரருக்கு உள்ளூர்க்காரர் நிபுணர். மலை தெரியாதவர் தெரிந்தவரை நம்ப, தெரிந்தவர் போன தடவை ஒன்றும் நடக்கவில்லை என்பதை நம்பியிருக்கிறார்.

மலையும் பனியும் இல்லாமலே இது நடக்கும். ஜெரி ஹார்வி என்ற பேராசிரியர் 1974இல் தன் குடும்பக் கதை ஒன்றை எழுதினார். டெக்சாஸில் ஒரு வெக்கையான பின்னேரம். வீட்டில் நாலு பேர் சும்மா இருக்கிறார்கள். மாமனார், அபிலீனுக்குப் போய்ச் சாப்பிடுவமா என்று கேட்கிறார். எண்பத்தைந்து கிலோமீற்றர் தூரம், ஏசி இல்லாத கார், தூசி. ஒவ்வொருவரும் மற்றவருக்கு விருப்பம் போல என்று நினைத்துச் 'சரி' என்கிறார்கள். போய், நல்லா இல்லாத சாப்பாட்டைச் சாப்பிட்டு, களைத்து வந்து இறங்கிய பிறகுதான் தெரிகிறது, நாலு பேரில் ஒருவருக்கும் போக விருப்பமிருக்கவில்லை. கேட்ட மாமனாருக்கும்தான். முகாமைத்துவம் படிக்கிறவர்கள் இதை 'அபிலீன் முரண்' என்று படித்திருப்பார்கள். கருத்து முரண்பாட்டைக் கையாளத் தெரியாததால் கூட்டங்கள் கெடுவதைப் பற்றித்தான் எப்போதும் பேசுகிறோம். உள்ளுக்குள் எல்லோரும் ஒத்துப்போவது தெரியாமலே கெடுகிற கூட்டங்கள் அதைவிடக் கூட என்கிறார் ஹார்வி. எங்கட கலியாண வீடுகளையும் பற்ச் கூட்டங்களையும் யோசித்துப் பாருங்கள்.

இதைப் பேசும்போது நண்பர்கள் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். மூன்றும் நியாயமான கேள்விகள்.

முதலாவது: 'தெரிஞ்ச ஆளை நம்பாமல் பிறகு ஆரை நம்புறது?' நம்பத்தான் வேண்டும். ஆனால் வழி தெரிந்தவருக்கு வழிதான் தெரியும். உங்கட கால் நடுங்குவது தெரியாது. உங்கட சப்பாத்துக்குள்ள தண்ணி போய் ஒரு மணித்தியாலம் ஆச்சுது எண்டது தெரியாது. நீங்கள் சொன்னால்தான் தெரியும். சந்தேகத்தைச் சொல்வது அவர்மேல் நம்பிக்கை இல்லை என்று சொல்வதாகாது. அவர் முடிவெடுக்கத் தேவையான தகவலைக் கொடுப்பது அது.

இரண்டாவது: 'நடந்து முடிஞ்ச பிறகு சொல்லுறது லேசு.' உண்மை. அதே சரிவில், அதே மாதிரியான நாட்களில் எத்தனையோ பேர் இறங்கி, சிரித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். மலை ஒரு மோசமான வாத்தியார் என்பதற்குக் காரணமே அதுதான். பிழையான விடைக்கும் பல தடவை சரி போடும். சோதனையில் குருட்டாம்போக்கில் எழுதி ஏ எடுத்தவனுக்குத் தான் படித்திருக்கிறேன் என்ற நினைப்பு வருகிற மாதிரி. ஆகவே ஒரு முடிவு நல்லதா என்று அதன் பலனை மட்டும் வைத்து அளக்க ஏலாது. அந்த நேரத்தில் கையில் இருந்த தகவலோடு, எல்லோர் வாயும் திறந்திருந்த நிலையில் எடுக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது: 'பயந்தால் ஒண்டும் செய்ய ஏலாது.' எங்களுக்கும் வீட்டுக்குள் இருக்கச் சொல்லுகிற கட்டுரைகள் பிடிக்காது. இளம் ஆட்கள் மலை ஏற வேண்டும், கடலில் இறங்க வேண்டும், பெட்டையள் இரவில் பயணம் போக வேண்டும். ஆனால் ஆபத்தை விரும்புகிற விளையாட்டுகளின் ஆட்கள்தான் திரும்பி வருவதைப் பற்றி ஆகக் கூடுதலாக எழுதியிருக்கிறார்கள். திரும்பி வந்தால்தான் அடுத்த ஞாயிறும் போகலாம்.

இனி எங்கட பக்கம் வருவோம். இலங்கையில் பனிச்சரிவு இல்லை. பழக்கமில்லாத மலைகளும் கெட்ட காலநிலையும் தாராளமாக இருக்கின்றன. சிவனொளிபாதமலைக்குப் பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக்கோடு முடிகிறது. அதற்குப் பிறகு பாதையில் விளக்கில்லை, கடையில்லை, மழையும் காற்றும்தான். 'சீசன் இல்லாத நேரம் போனால் சனம் இல்லை, ஜாலி' என்று காணொளிகள் சொல்கின்றன. பேராதனைக்கு மேலே ஹந்தானையில் வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே மூட்டம் இறங்கி முன்னால் போகிறவரை மறைத்துவிடும். நக்கிள்ஸ் பக்கம் மேலே மழை பெய்தால் கீழே ஆறு நிறம் மாறும். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் தட்டையான நிலத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த அடையாளங்கள் எதுவும் தெரியாது. பஸ் எடுத்துக்கொண்டு போகிற பற்ச் ட்ரிப்பில் பாதிப் பேர் அப்படியானவர்கள்தான்.

தகவல் இல்லை என்றும் சொல்ல ஏலாது. மண்சரிவு அபாயம் வந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியில் எச்சரிக்கை விடுகிறது. அது எங்கட எல்லா வாட்ஸப் குழுக்களிலும் வருகிறது. அதே குழுவில் அதுக்குக் கீழேயே 'நாளைக்கு விடிய நாலு மணிக்கு எல்லாரும் கேற்றடியில நிக்கவேணும்' என்றும் வருகிறது. ரெண்டையும் ஒரே ஆள் வாசிக்கிறார். ஸ்டீவன்ஸ் பாஸில் நடந்ததும் இதுதான். முன்னறிவிப்பும் அழைப்பும் ஒரே காலையில் வந்தன.

எங்கட கம்பஸ்களில் இதுக்கு மேலே இன்னொரு பாரம் இருக்கிறது. முதல் வருடத்திலேயே எங்களுக்குப் படிப்பிக்கப்படுவது, கூட்டத்தைப் பிரிக்காதே என்பது. சீனியர் சொன்னால் சரி. பற்ச் ஒண்டாத்தான் போகும், ஒண்டாத்தான் வரும். இதை ஒற்றுமை என்று சொல்லித் தருகிறார்கள். கேள்வி கேட்கிறவர் 'பற்ச்சுக்கு எதிர்' ஆகிவிடுவார். அப்படிப் பழக்கப்பட்ட ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒரு மலை உச்சியில் திடீரென்று வாய் திறக்கும் என்று எதிர்பார்க்க முடியுமா? விரிவுரை மண்டபத்திலும் விடுதியிலும் பேசாமல் இருக்கப் பழகினது ஆற்றங்கரையில் பேசாது.

எங்களுக்குத் தெரிந்த ஒரு பயணத்தைச் சொல்லலாம். மலைநாட்டில் ஒரு நீர்வீழ்ச்சிக்குப் போகிற வழி. முழங்கால் அளவுத் தண்ணீரில் ஓர் ஆற்றைக் கடக்க வேண்டும். காலையில் இருந்து மேலே கறுத்துக்கொண்டு நின்றது. ஒருத்தி கரையில் நின்று, 'தண்ணி மண் நிறமா மாறுது, நான் கடக்கேல்ல' என்று சொன்னாள். கெஞ்சினார்கள், பகிடி பண்ணினார்கள். அவள் அசையவில்லை. அவளோடு நாங்கள் நாலு பேர் நின்றோம். மற்றவர்கள் கடந்து போனார்கள், படம் எடுத்தார்கள், நனைந்து சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பஸ்ஸில் ஏறும்போதே அவளுக்குப் பெயர் விழுந்துவிட்டது: 'அப்பாச்சி'. இப்பவும் அந்தப் பெயர்தான்.

ஒன்றும் நடக்காததால் அவள் சொன்னது பிழையாகிவிடுமா? எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் ஒருத்திதான் அந்த நேரம் ஆற்றைப் பார்த்தாள். மற்ற எல்லாரும் மற்ற எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்தப் பட்டப்பெயர் இன்னொரு வேலையையும் செய்தது. அடுத்த ட்ரிப்பில் யாருக்காவது சங்கடமாக இருந்தால், 'நானும் அப்பாச்சி ஆகவேணுமோ?' என்று யோசித்து வாயை மூடிக்கொள்வார். ஒருத்தியைப் பகிடி பண்ணி நாற்பது பேரை ஊமையாக்கலாம். பெட்டை சொன்னதால் பகிடி இன்னும் லேசாக வந்தது எண்டதையும் சொல்லத்தான் வேணும். அதே வசனத்தை ஒரு சீனியர் அண்ணா சொல்லியிருந்தால் அதுக்குப் பெயர் 'பொறுப்பு'.

பனிமலைகளில் போகிறவர்கள் இத்தனை சாவுகளுக்குப் பிறகு சில வழக்கங்களை உண்டாக்கியிருக்கிறார்கள். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, நாளைக்கே எங்களாலும் செய்யக்கூடியவைதான்.

ஒராள் 'வேண்டாம்' என்றால் முழுக் குழுவும் திரும்பும். காரணம் கேட்கக்கூடாது, வாக்கெடுப்பு இல்லை. பெரும்பான்மை என்பது தேர்தலுக்கு நல்லது, சரிவுக்கு அல்ல. இந்த விதி மலையடியில், புறப்படுவதற்கு முன்னமே சத்தமாகச் சொல்லப்பட வேண்டும். மேலே போய்ச் சொன்னால் அது விதியாக இருக்காது, சண்டையாக இருக்கும்.

திரும்புகிற நேரத்தை முன்னமே வைக்க வேண்டும். உச்சி வந்தாலும் வராவிட்டாலும் அந்த நேரத்தில் திரும்புவது. இதற்குப் பின்னால் ஒரு பெரிய துயரம் இருக்கிறது. 1986 மே மாதம் ஒரிகன் மாநிலத்தின் மவுண்ட் ஹுட் மலையில் ஒரு பள்ளிக்கூடக் குழு விடியப்புறம் ஏறத் தொடங்கியது. சிலர் உடம்பு ஏலாமல் தொடக்கத்திலேயே இறங்கிவிட்டார்கள். மற்றவர்கள் பிந்திப் பிந்தி, காலநிலை கெடக் கெட, உச்சிக்குக் கிட்டவரை போனார்கள். திரும்பும்போது நிலமும் வானமும் ஒரே வெள்ளையாகி வழி தெரியவில்லை. பனியில் குகை தோண்டி ஒதுங்கினார்கள். ஒன்பது பேர் இறந்தார்கள், அதில் ஏழு பேர் மாணவர்கள். 'இன்னும் கொஞ்சம்தானே' என்கிற சொல்லுக்கு எதிராகக் கடிகாரம் ஒன்று தேவைப்படுவது இதனால்தான்.

மூன்றாவது, கேட்கிற ஒழுங்கு. ஒவ்வொரு தரிப்பிலும் எல்லோரிடமும் கேட்க வேண்டும். முதலில் ஆகப் புதியவரிடம், ஆக அமைதியானவரிடம். அனுபவசாலி கடைசியில் பேச வேண்டும். அவர் முதலில் 'நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு வருகிற பதினைந்து 'ஓம்'களுக்கும் பெறுமதி இல்லை. 'எல்லாருக்கும் ஓகேயா?' என்று கேட்பது கேள்வியே இல்லை. 'உனக்கு இதில எது சரியில்லாமல் படுது?' என்பதுதான் கேள்வி. அப்படிக் கேட்டால் சொல்ல ஏதாவது இருக்கும்.

இந்த மூன்றையும் மலைக்கு மட்டும் என்று நாங்கள் எழுதவில்லை. மாணவர் ஒன்றியக் கூட்டத்தில், பகிடிவதையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற வளாகத்தில், கடன் எடுத்து வெளிநாடு போக வெளிக்கிடுகிற நண்பனின் வீட்டில், எல்லாரும் தலையாட்டுகிற இடங்களில் எல்லாம் இதே பதினாறு பேர் நிற்கிறார்கள். உள்ளுக்குள் சங்கடம், வெளியில் சிரிப்பு. முதலில் சொல்கிற ஒருவருக்குத்தான் கஷ்டம். அவர் சொன்னவுடன் 'நானும் அதைத்தான் யோசிச்சனான்' என்று இன்னும் மூன்று பேர் சொல்வார்கள். அந்த மூன்று பேரும் எப்போதும் அங்கேதான் நின்றிருப்பார்கள்.

ஆனால் அந்த முதல் ஆளின் துணிச்சலை மட்டும் நம்பிக்கொண்டு இருக்க ஏலாது. டனல் கிறீக்கில் நின்றவர்கள் கோழைகள் இல்லை. செங்குத்துச் சரிவில் குதிக்கிற துணிச்சல் அவர்களுக்கு இருந்தது. நண்பர்களுக்கு முன்னால் 'எனக்குச் சரியாப் படேல்ல' என்று சொல்வதற்கு வேறு துணிச்சல் வேண்டியிருந்தது, அதற்கு அந்தக் கூட்டத்தில் இடம் வைக்கப்படவில்லை. இடம் வைப்பது கூட்டத்தின் வேலை. சீனியர்களின் வேலை. பஸ் ஒழுங்குபண்ணுகிறவர்களின் வேலை.

அடுத்த மாதம் எத்தனையோ பற்ச்கள் ட்ரிப்புக்குக் காசு சேர்க்கும். காசு எவ்வளவு, சாப்பாடு என்ன, எத்தனை மணிக்கு வெளிக்கிடுறது என்று ஒரு செய்தி போடுவீர்கள்தானே. அதுக்குக் கீழே இன்னொரு வரியும் போடுங்கள்: 'ஒராள் வேண்டாம் எண்டாலும் எல்லாரும் திரும்புவம். ஆரையும் பகிடி பண்ணுறேல்ல.' போட்டுவிட்டு, முதல் வருடத்துத் தங்கச்சி ஒருத்தி வழியில் கையைத் தூக்கினால், அந்த வரியின்படி பஸ்ஸைத் திருப்புங்கள்.